நான் வாசிக்காத செய்தி

தலை முழுக்கக் கறுப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவனால் எதையும் கம்பீரமாக எதிர்கொள்ள முடியாது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய பயம் என்னை அந்தக் கோலத்தில்தான் வந்து பார்த்தது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சலூன். சனிக்கிழமை காலை. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சலூன்காரர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"சார், நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"என்னய்யா கேள்வி இது? நீதானே கழுத்தைக் கட்டிப் போட்டிருக்கே."

"அப்ப இது யாரு சார்?"

போனைத் திருப்பிக் காட்டினார். அதில் நான் இருந்தேன். கோட்டு, டை, ஒரு முடிகூட நரைக்காத தலை. எனக்கு எப்போதுமே வராத ஓர் அமைதி முகத்தில்.

"சற்று முன் கிடைத்த செய்தி. பெய்துவரும் கனமழையால் ஏரியின் கரை உடைந்துள்ளது. முடிச்சூர் சாலையை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வசிப்போர் உடனடியாக மேடான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

நல்ல உச்சரிப்பு. ஒரு இடத்தில்கூட இருமவில்லை. நான் பொதுவாக 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற வார்த்தைக்கு நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குவேன். இவன் வாங்கவில்லை.

"சார், கால் மணி நேரமா இங்க இருக்கீங்க. நடுவுல எப்ப போய்ப் படிச்சீங்க?" என்று சலூன்காரர் கேட்டார். அதில் துளிகூடக் கிண்டல் இல்லை. அவர் கண்ணில் தெரிந்தது பயம். என் கண்ணில் என்ன தெரிந்தது என்று எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். உச்சந்தலையில் கறுப்புச் சேறு அப்பிய ஒரு கிழவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பகலில் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் எங்கள் பகுதிக் கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவன். பெரிய செய்தி எதுவும் எங்களிடம் வராது. நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, மாடம்பாக்கம் கோயிலில் என்று விழா, எந்தச் சர்ச்சில் பழைய துணி வாங்குகிறார்கள், சேலையூரில் காணாமல் போன நாய் கிடைத்ததா இல்லையா. உலகச் செய்தி என்றால் எங்களுக்குக் கேளம்பாக்கம்.

சில மாதங்களுக்கு முன் சேனல் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சார், இனிமே நீங்க தினமும் வர வேணாம்" என்றார். வேலை போய்விட்டது என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. "உங்க மூஞ்சி மட்டும் இருந்தா போதும்" என்று அடுத்து சொன்னார். அதைக் கேட்டு ஆறுதல் அடைந்த உலகத்தின் ஒரே முட்டாள் நான்தான்.

ஒரு மத்தியானம் முழுக்க விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க, இப்ப லேசா சிரிங்க, இப்ப துக்கம். துக்கம் எனக்கு வரவில்லை. "உங்க இன்க்ரிமென்ட்ட நினைச்சுக்குங்க சார்" என்றார் எடிட்டிங் பார்க்கும் பெண், சேனலில் எல்லாருக்கும் அவர் 'எடிட்டிங் அக்கா'. உடனே வந்தது. அந்தத் துக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு என்னைச் செய்தார்கள். எழுதிக் கொடுத்தால் போதும், அவன் வாசிப்பான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வீட்டிலேயே இருந்து சூடாகத் தோசை சாப்பிடலாம் என்பதைத் தாண்டி நான் எதையும் யோசிக்கவில்லை.

இப்படிச் செய்த உருவம் என்றால் திரையில் அதை எழுதிக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலாளி சட்டத்துக்குப் பயந்தவர்தான். 'இது கணினியில் உருவாக்கப்பட்டது' என்று கீழ் மூலையில் போட்டார். ஆனால் அதே மூலையில்தான் விளம்பரப் பட்டையும் ஓடியது. முதலில் ஒரு டெய்லரிங் வகுப்பு. பிறகு ஒரு கல்யாண மண்டபம். பிறகு ஒரு மெத்தைக் கடை. பட்டை தடிக்கத் தடிக்க எழுத்து உள்ளே போய்விட்டது. நான் ஒருநாள் கேட்டேன். "லேபிள் இருக்கு சார். அதுக்கு மேல மெத்தை இருக்கு, அவ்ளோதான்" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பே, வரப்போகிற செய்திகளை அந்த உருவத்தை வைத்து எடுத்துவைத்துவிடுவார். பள்ளிகளுக்கு விடுமுறை, ஏரி நிரம்பியது, உபரிநீர் திறப்பு, கரை உடைந்தது, எல்லாமே தயார். நடக்காத செய்தியை எடுத்துவைப்பது நல்லதா சார் என்று எடிட்டிங் அக்கா கேட்டதற்கு, நடந்தபிறகு எடுத்தால் பக்கத்து ஊர் சேனல்காரன் முந்திக்கொள்வான் என்றார்.

சலூன் நாற்காலியில் இருந்தபடியே முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடிட்டிங் அக்காவுக்குப் போட்டேன். எடுத்ததுமே அழுதார்.

"சார், ஏரி நிரம்பிடுச்சுன்னு போடச் சொன்னாரு. பக்கத்துலயே உடைஞ்சதும் இருந்துச்சு. மாத்திப் போட்டுட்டேன் சார். கரை உடையல. பார்த்த உடனே எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள எல்லாரும் இறக்கி அனுப்பிட்டாங்க. எங்க அம்மாவுக்கே எங்கேர்ந்தோ வந்திருக்கு சார், 'உங்க சேனல்ல சொன்னாங்களாமே, நீ இன்னும் ஆபீஸ்ல என்னடி பண்றே'ன்னு கேக்கறாங்க."

அடுத்து வீட்டுக்குப் போட்டேன். என் மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கரை உடைந்தது என்ற செய்தியைக் கேட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். 2015 பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கட்டில் மிதந்ததைப் பார்த்தவள் அவள்.

"என்னங்க, அரிசி டிரம்ம எப்படிங்க பரண்ல ஏத்தறது?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"ஏத்தாதே. ஏரி உடையல. அது நான் இல்ல."

"நீங்கதான். அந்தக் கோட்ட நான்தான் அயர்ன் பண்ணேன்."

"கோட்டு என்னுதுதான். உள்ள இருக்கிறது கம்ப்யூட்டர்."

"தண்ணி வர்ற நேரத்துல விளையாடாதீங்க. கேஸ் அடுப்ப மேல வெச்சுட்டேன். பிரிட்ஜ் பிளக்க எடுத்துட்டேன்."

"சத்தியமா சொல்றேன். நான் சலூன்ல இருக்கேன்."

"டிவியில நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. வீட்டுலதான் சொல்லுவீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஏமாற்றிச் சிரிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ரேஷன் கடையில் இனிமேல் கைரேகையோடு கால்ரேகையும் வைக்க வேண்டும் என்று சொல்லி, அவளைக் கால் கழுவிக்கொண்டு போகவைத்தவன் நான். என் உருவத்தைக் கம்ப்யூட்டரில் செய்த அன்று, "இனிமே எனக்குப் பதிலா ஒரு டூப்பு படிப்பான்" என்று உண்மையைத்தான் சொன்னேன். "அவனாவது நேரத்துக்குக் குளிப்பானா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அதன்பிறகு நான் முன்கூட்டியே படித்துக் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் நினைத்திருந்தாள்.

கழுத்துத் துணியோடு மழையில் ஓடினேன். பின்னாலிருந்து சலூன்காரர், "சார், கழுவணும் சார், எரியும்!" என்று கத்தினார்.

தெருவே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர்களைப் படியில் ஏற்றினார்கள். ஒருவர் மனைவியை விட்டுவிட்டு வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடியேறினார். கார் வைத்திருந்தவர்கள் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் வந்த பழக்கம் இது. பலத்த மழை என்று காதில் விழுந்தாலே காரை மேம்பாலத்தின் மேலே கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். வீடு முழுகினாலும் கார் முழுகக் கூடாது. நானும் கார் வைத்திருந்தால் அங்கேதான் நிறுத்தியிருப்பேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவள் சமையலறையில் அரிசி டிரம்மில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் முகமெல்லாம் வியர்வை. வலது கையால் இடது தோளைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இது என்னங்க தலையில?" என்றாள். பிறகு, "வாயுதான் போலிருக்கு" என்றாள். பிறகு, "ஏசப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக் கண்ணை மூடினாள்.

கத்தினேன் என்று நினைக்கிறேன். மாடி வீட்டு அக்கா ஓடிவந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வண்டி எங்கேயோ பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், சீக்கிரமே வந்துவிட்டது. ஏறும்போது டிரைவர் சொன்னார்: "சார், சுரங்கப்பாதைல தண்ணி கீது. ஆஸ்பத்திரி அந்தாண்ட. பாலம் ஒண்ணுதான் வழி."

பாலத்தில்தானே எல்லாக் காரும் நிற்கிறது.

பாதிப் பாலம் ஏறியதும் வண்டி நின்றது. முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கார்கள். அதில் பாதியைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நடந்து போய்விட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் நடுவிலேயே ஒருவர் பின்னால் ஒருவராக நின்று, உள்ளே உட்கார்ந்து, மழை விடக் காத்திருந்தார்கள். சைரன் கத்தியது. முன்னால் இருந்த காரின் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அவ்வளவுதான்.

உள்ளே இருந்த செவிலியர் அவள் கையில் ஊசி போட்டுவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், "சார், லேட் பண்ண முடியாது" என்றார். நான் இறங்கினேன்.

முதல் காரின் கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது.

"சார், ஆம்புலன்ஸ் நிக்குது. கொஞ்சம் முன்னால எடுங்க."

"எங்க சார் எடுக்கறது? கீழ தண்ணி வருதே."

"வரல சார். அது தப்பான செய்தி."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அதுல படிக்கிறது நான்தான். அதாவது நான் இல்ல. என் மாதிரி."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். கோட்டுப் போட்டவன் அமைதியாகச் செய்தி வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தார். மழையில் சாயம் கரைந்து நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. கழுத்தில் சலூன் துணி.

"இவரு எப்படி இருக்காரு, நீங்க எப்படி இருக்கீங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "ஏங்க, கண்ணாடிய ஏத்துங்க, பார்க்கவே பயமா இருக்கு" என்றார்.

அடுத்த காரில் ஒரு குடும்பம் டிபன் பாக்சைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நல்ல மனிதர்கள். எனக்கு ஓர் இட்லியை நீட்டினார்கள். "முன்னாடி வண்டி எடுத்தா நாங்களும் எடுத்துடுவோம் அண்ணா" என்றார்கள். முன்னாடி வண்டிக்காரரும் அதையேதான் சொன்னார். அதற்கு முன்னாடி வண்டிக்காரரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆம்புலன்சுக்கு வழி விடக்கூடாது என்று ஒருவருமே நினைக்கவில்லை. கீழே தண்ணீர் வருகிறது என்று நம்பினார்கள், அவ்வளவுதான். அவர்களிடம் அதைச் சொன்னது என் வாய்.

ஒவ்வொரு கண்ணாடியிலும் என் முகம் தெரிந்தது. போன்களிலும் என் முகமே தெரிந்தது. இவ்வளவு முகம் இருந்தும் அவளுக்கு வழிவிடச் சொல்ல என்னிடம் ஒரு முகமும் இல்லை. ஒரு கார்மேல் கையூன்றி நின்றேன். அப்போது பக்கத்தில் ஆட்டோவிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"இன்னா சார், மூஞ்சில இன்னா தாரு? நீ நியூஸ் சார்தானே?"

"தெரியுதா? நான்தான்னு தெரியுதா?"

"மூஞ்சி தெர்ல. குரலு அதேதான். இப்ப பேசிக்கினு வந்தியே, டக்குனு புடிச்சேன்."

அவரே என் துணியை இழுத்து என் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டார். அடுத்து நான் செய்ததை ஏன் செய்தேன் என்று பிறகு பலரும் கேட்டார்கள். யோசித்துச் செய்யவில்லை. சைரன் கத்திக்கொண்டே இருந்தது, பிறகு திடீரென்று நின்றது. சைரன் நின்றதும் வண்டிக்குள் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆட்டோவின் பின்பக்கத்தில் ஏறி நின்றேன். முதுகை நிமிர்த்தினேன். செய்தி வாசிக்கும் குரலை எடுத்தேன்.

"சற்று முன் கிடைத்த செய்தி. நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த மேம்பாலத்தின் நடுப்பகுதியில் விரிசல் கண்டறியப்பட்டுள்ளது. வாகனங்கள் அனைத்தும் உடனடியாக முன்னோக்கிச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன."

ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.

கண்ணாடிகள் இறங்கின. ஒருவர் போனை வெளியே நீட்டிப் படம் பிடித்தார். "நியூஸ்ல வர்றவருப்பா" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நொடியே இன்ஜின்கள் உறுமின. இட்லிக் குடும்பம் டிபன் பாக்சை மூடாமலே கிளம்பியது. நிஜத்தை நான் கெஞ்சிச் சொன்னபோது அசையாத பாலம், இந்தப் பொய்யைக் கேட்டதும் காலியாகத் தொடங்கியது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு ஸ்கூட்டர் சரிந்தது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து நின்றார். அவரைக் கார்கள் சுற்றிக்கொண்டு போயின. ஆட்டோக்காரர் குதித்து ஓடி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டார். நான் ஆம்புலன்சை நோக்கி ஓடினேன். அந்தப் பெண்ணைத் தாண்டும்போது அவர் என்னைப் பார்த்து, "உண்மையாவா சார்? பாலம் தாங்குமா?" என்று கேட்டார். நான் வண்டியில் ஏறிவிட்டேன். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே அவள் கண் திறந்திருந்தாள். சைரனை நிறுத்தியது டிரைவர்தான், பிரயோஜனமில்லை என்று. "பாலத்துல விரிசலா?" என்று அவள் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"இல்ல. சும்மா சொன்னேன்."

அன்று முதல்முறையாக அவள் என்னை நம்பினாள். கையை எடுத்து என் கைமேல் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, உடனே செய்ய வேண்டும், இங்கே கையெழுத்து என்றார்கள். நான் போட்ட கையெழுத்து என் கையெழுத்து மாதிரி இல்லை. பிறகு தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தலை எரிந்தது. எதிரே சுவரில் மாட்டிய டிவியில் வேறு ஏதோ சேனலில் வேறு யாரோ செய்தி வாசித்தார்கள். அவர் கண்ணிமைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசினார்.

"சார், போலீஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றாங்க. ஏரி வீடியோவ வெளியாளு எவனோ பண்ணிட்டான்னு சொல்லலாம்னு பார்த்தேன். எடிட்டிங் அக்கா ஒத்துக்கல, நான்தான் மாத்திப் போட்டேன்னு ஏற்கெனவே சொல்லிடுச்சு. அது என் பாடு, நான் பார்த்துக்கறேன். ஆனா பாலத்து வீடியோ சுத்துது சார். வதந்தி பரப்புனதா உங்க மேல கேஸ் வரும். கல்லூரில வேலை வேற. அதையும் டீப்ஃபேக், கம்ப்யூட்டர் பண்ண போலின்னு சொல்லிடுங்க. யாராலயும் நிரூபிக்க முடியாது. அதான் சார் இதுல ஒரே நல்லது."

அவர் என்மேல் அக்கறையில்தான் சொன்னார் என்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சைபர் குற்றப் பிரிவிலிருந்து வந்த பெண் உதவி ஆய்வாளர் நனைந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, "எப்படி இருக்காங்க?" என்று முதலில் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். தன் போனில் இரண்டு வீடியோவையும் காட்டினார்.

"முதல்ல இருக்கிறது உங்க சேனல் செஞ்ச உருவம். லேபிள் மறைஞ்சிருக்கு, அதுக்கு அவர் பதில் சொல்லணும். ரெண்டாவது?"

இரண்டாவதில், ஆட்டோவின் மேல் ஒரு பூதம் நின்றது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கழுத்தில் சலூன் துணி கொடி மாதிரி பறந்தது. குரல் மட்டும் கச்சிதம்.

"ஆளே உங்க மாதிரி இல்ல" என்றார் அவர். "இல்லைன்னு சொன்னா இல்லைன்னு எழுதிக்கறேன். இன்னிக்கு இதே மாதிரி எத்தனையோ சுத்துது."

முதலாளியின் முழங்கால் என் முழங்காலை இடித்தது. என் வாய் 'இல்லை' என்பதற்குத் தயாராகத் திறந்துவிட்டது. அது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. கேஸ் இல்லை, விசாரணை இல்லை, அந்த ஸ்கூட்டர் பெண்ணும் என் கணக்கில் இல்லை. ஆனால் இதையும் நான் இல்லை என்று சொல்லிவிட்டால், இன்று காலையிலிருந்து நான் எங்கேதான் இருந்தேன்? சலூனில் என்று சொன்னதை என் மனைவியே நம்பவில்லை.

"அது நான்தான் மேடம்" என்றேன்.

"விரிசல்னு சொன்னது?"

"பொய். தெரிஞ்சேதான் சொன்னேன். ஒருத்தங்க விழுந்துட்டாங்க, அவங்களையும் தேடிப் பாருங்க."

அவர் பேனாவை எடுத்தார். "எல்லாரும் 'அது நான் இல்ல'ன்னு சொல்லத்தான் வருவாங்க. நீங்க ஏன் சார் ஒத்துக்கறீங்க?"

"அந்த ஒண்ணுலதான் மேடம் நான் இருக்கேன்."

முதலாளி ஆப்பிள் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். விசாரணைக்குக் கூப்பிடுவோம், வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளும் போனார். வேலை போகுமா, உள்ளே வைப்பார்களா என்பதெல்லாம் அப்புறம். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டர் வந்து, அடைப்பை எடுத்தாயிற்று, இன்று முழுக்கப் பார்க்க வேண்டும், மாடியில் தனிப் பிரிவுக்கு மாற்றுகிறோம், பிறகு கூப்பிடுவார்கள் என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பிறகு யாரும் கூப்பிடவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. என் போன் அடித்தது. தெரியாத எண்.

"என்னங்க, நான்தான். சாப்பிட்டீங்களா?"

அவள் குரல். கொஞ்சம் பலவீனமாக, ஆனால் அவளுடைய குரலேதான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு சில்லிப்பு. இதையும் கம்ப்யூட்டரில் செய்ய அவள் குரல் எங்கெங்கே கிடைத்திருக்கும் என்று என் மனம் தேட ஆரம்பித்துவிட்டது. சர்ச் பெண்கள் குழுவில் தினமும் காலையில் ஜெபம் பேசி அனுப்புவாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிந்து அனுப்புவாள். போதும், அது எவ்வளவோ போதும்.

"நீ எங்க இருக்கே?" என்று கேட்டேன்.

"எங்க இருப்பேன், பீச்சுலயா?"

அவள் குத்திப் பேசுவாள், கேலி பேசமாட்டாள். எங்கள் வீட்டில் கேலிக்கு நான் ஒருவன்தான். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எழுந்தேன். ஆப்பிள்கள் உருண்டன. லிப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை, படியேறினேன். "என்னங்க, கேக்குதா? என்ன சத்தம்?" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடியில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். அவர் கைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு அவள் படுத்திருந்தாள். செவிலியரின் போனைக் காதில் வைத்திருந்தாள். உதடு அசைந்தது.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

உதடும் குரலும் சேர்ந்து போகிறதா என்று பார்த்தேன். போனில் குரல் ஒரு இமைப்பொழுது தாமதமாக வந்த மாதிரி இருந்தது. எல்லாப் போனிலும் அப்படித்தான் வரும். எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கதவுகிட்ட இருக்கேன்" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். என்னைக் கண்டுபிடித்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "அங்க நின்னு என்ன பாக்கறீங்க? உள்ள வாங்களேன்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பேசு" என்றேன்.